பகாப்பொருளும் பின்னமும்

இலக்கணம் கற்பார் சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் இருவகையாகப் பிரித்து ஓதுவர். பிரித்தவிடத்தும் உறுப்புக்கள் பொருள் தந்து நிற்பது பகுபதம்; பிரித்த அளவில் பொருள் கெட்டொழிவது பகாப்பதம். இயற்கைப் பொருள்களை ஆராயும் பௌதிக நூலாரும் எது பகுக்கத்தக்கது, எது பகுக்கத்தகாதது என்று நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கின்றனர். அத்தேட்டத்தில் அவர்கள் பகாப்பொருள் என்று துணிந்தவற்றுள் தலையாயது எலெக்ட்ரான். 1897-ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்ஸன் அதனைக் கண்டறிந்தார். 1909-ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்க அறிஞர் மில்லிகன் நுண்ணிய எண்ணெய்த் துளிகளின்மேல் ஏறிய மின்சாரத்தை அளந்து, எத்துளியிலும் அது ஓர் அலகின் முழு மடங்காகவே இருப்பதைக் காட்டினார். ஓரலகு, ஈரலகு, மூவலகு என்று இருந்ததேயன்றி அரையலகோ மூன்றில் ஒன்றோ காணப்படவில்லை.

இங்ஙனமிருக்க, 1982-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறு கட்டுரை பௌதிக உலகைத் திகைக்கச் செய்தது. கடுங்குளிரில், வன்மை மிக்க காந்தத்தின் நடுவில், மூன்றில் ஒன்று என்னும் பின்னம் தெளிவாகத் தோன்றியது என்பதே அதன் சாரம். பகாப்பொருள் பகுபட்டதோ? மில்லிகன் அளந்தது பிழையோ? இரண்டும் அன்று. மில்லிகன் கூற்றும் மெய், பின்னமும் மெய். இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் எவ்வாறு என்பதை, பௌதிகம் பயிலாத மாணவரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் பயில்வோம் ஆதலின், கணிதக் குறியீடுகளை விடுத்து, தமிழ் இலக்கணமும் எம் ஊராகிய ஆரணியின் பட்டுத்தறியும் தரும் உவமைகளைத் துணைக்கொள்ளுகின்றோம்.

1. ஹாலின் பொன்தகடு

எலெக்ட்ரான் கண்டறியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1879-இல், அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் எட்வின் ஹால் என்னும் இளைஞர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிப் பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய பொன்தகட்டில் மின்சாரத்தை நீளவாட்டில் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தத்தை அமைத்தார். அப்பொழுது தகட்டின் அகலவாட்டில், இரு விளிம்புகளுக்கிடையே, ஒரு மின்னழுத்தம் தோன்றியது. காரணம் எளிது. காந்தப்புலத்தில் ஓடும் மின்துகள் நேரே செல்லாது பக்கவாட்டில் வளைக்கப்படும். ஒரு விளிம்பில் துகள்கள் திரள, மற்றை விளிம்பில் குறைய, இரண்டிற்குமிடையே அழுத்தம் பிறக்கின்றது. இவ்வழுத்தத்தை ஓடும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பதே ஹால் தடை. காந்தம் வலுக்க வலுக்க அத்தடையும் ஏறும். அவ்வேற்றம் ஒரு சரிவான பாதைபோலச் சீராக இருக்கும் என்பதே நூறாண்டுக்காலம் அறிஞர் கொண்ட முடிபு.

2. சரிவு படியாயிற்று

1980-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரின் காந்த ஆய்வுச்சாலையில், ஜெர்மானியராகிய கிளாவுஸ் ஃபான் கிளிட்ஸிங் என்பார் ஓர் இரவு இச்சோதனையைச் செய்துகொண்டிருந்தார். அவர் கையாண்டது பொன்தகடு அன்று. சிலிக்கான் படிகத்தின் மேற்பரப்பை ஒட்டி எலெக்ட்ரான்கள் ஒரே தளத்தில் அடங்கி, மேலும் கீழும் அசையாது, பக்கவாட்டில் மாத்திரம் உலாவும்படி செய்த கருவி. காந்தத்தின் வன்மை ஏறத்தாழ 18 டெஸ்லா. இது பூமியின் காந்தத்தைப் போல இலட்சக்கணக்கான மடங்கு வலியது. குளிர்ச்சியோ 1.5 கெல்வின், அதாவது குளிர்ச்சியின் கடையெல்லைக்கு ஒன்றரைப் பாகையே மேல். அந்நிலையில் ஹால் தடை சரிவாக ஏறவில்லை, படிப்படியாக ஏறிற்று. படிகளின் உயரம் 25,812.8 ஓம் என்னும் எண்ணை 1, 2, 3, 4 என்னும் முழு எண்களால் வகுத்தாற்போல இருந்தது: 12,906.4, 8,604.3, 6,453.2 என்றிவ்வாறு. கருவியின் வடிவம் மாறினும், படிகத்தில் மாசு கலந்திருப்பினும் இவ்வெண்கள் மாறவில்லை. இதற்காக 1985-இல் ஃபான் கிளிட்ஸிங் நோபெல் பரிசு பெற்றார்.

இப்படிகள் தோன்றுவதேன்? காந்தத்தில் அகப்பட்ட எலெக்ட்ரான் வட்டமிட்டுச் சுழலும். அச்சுழற்சிக்கு விரும்பிய ஆற்றலெல்லாம் பொருந்தாது; குறித்த சில படித்தரங்களே உண்டு. இதனை 1930-இல் ருஷிய அறிஞர் லாண்டாவ் கணித்துக் காட்டினார். ஒவ்வொரு படித்தரத்திலும் எத்தனை எலெக்ட்ரான்களுக்கு இடமுண்டு என்பதைக் காந்தமே முடிவு செய்கின்றது. காந்தப் பாய்ச்சலுக்கும் ஒரு மிகச்சிறிய அலகு உண்டு. ஓரலகுக்கு ஓரிடம் என்பது விதி. 10 டெஸ்லா காந்தமாயின், ஒரு சதுர சென்டிமீட்டர் தளத்தில் ஏறத்தாழ 24,000 கோடி இடங்கள் அமையும்.

தறியில் பாவு இழைகள் சீப்புப் போன்ற அச்சின் பற்களூடே கோக்கப்பட்டு வருவதை எம் ஊரார் அறிவர். துணியின் அகலத்தில் எத்தனை இழை என்பதை முடிவு செய்வது அச்சின் பல் எண்ணிக்கையேயன்றி, ஆங்காங்கு இழையில் விழும் முடிச்சன்று. அதுபோலவே, படித்தரத்தின் இடங்களை முடிவு செய்வது காந்தம்; படிகத்தின் மாசு அன்று. மாசுகள் சில எலெக்ட்ரான்களைத் தம்மிடம் பிடித்து நிறுத்திவிடுகின்றன. காந்தம் சிறிது கூடினும் குறையினும் மாற்றம் அப்பிடிபட்ட எலெக்ட்ரான்களோடு நின்றுவிட, ஓடும் மின்சாரம் மாறாதிருக்கின்றது. ஆகவேதான் படி தட்டையாக நீளுகின்றது. மாசு கெடுப்பதற்குப் பதில் காப்பது இவ்விடத்து வியப்பு.

3. பின்னம் தோன்றிய வரலாறு

இதுகாறும் கூறியவற்றில் முழு எண்களே வந்தன. ஒவ்வொரு எலெக்ட்ரானும் மற்றதைப் பொருட்படுத்தாது தன் வழியே சுழல்கின்றது என்று கொண்டாலும் இவை விளங்கிவிடும். அடுத்து வந்ததோ அவ்வாறு விளங்காதது.

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுச்சாலையைச் சேர்ந்த டேனியல் ட்ஸுயி, ஹார்ஸ்ட் ஸ்டோர்மர், ஆர்தர் கோஸார்ட் ஆகிய மூவர், காலியம் ஆர்ஸனைடு என்னும் மிகத் தூய படிகத்தில் இச்சோதனையைத் தொடர்ந்தனர். மாசு மிகக் குறைந்த அப்படிகத்தை வளர்த்தளித்தவர் கோஸார்ட். அதில் ஒரு சதுர சென்டிமீட்டரில் இருந்த எலெக்ட்ரான்கள் சுமார் 12,000 கோடி. காந்தத்தை 15 டெஸ்லா அளவுக்கு உயர்த்தினர். அப்பொழுது இருந்த இடங்கள் சுமார் 36,000 கோடி. மூன்று இடங்களுக்கு ஓர் எலெக்ட்ரான். முதற்படித்தரமே மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருந்தது. அங்கே படி ஒன்றும் எதிர்பார்க்கப்படவில்லை. ஆயினும் 77,438 ஓம் அளவில், அதாவது முதல் எண்ணின் மும்மடங்கில், ஒரு படி தோன்றியது.

1983-இல் ராபர்ட் லாஃப்லின் என்பார் இதற்கு விடை கண்டார். அவர் கருத்தைச் சுருங்கச் சொல்வோம். முதற்படித்தரத்தில் உள்ள எலெக்ட்ரான்கள் அனைத்திற்கும் சுழற்சி ஆற்றல் ஒன்றே, இடமோ ஏராளம். ஆதலின் எது எங்கிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவை ஒன்றையொன்று வெறுத்துத் தள்ளும் தள்ளுகையே. அவ்வளவு கோடி எலெக்ட்ரான்களும் ஒன்றோடொன்று நெருங்காதிருக்கும் பொருட்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தாற்போல, ஒரு புதுவகைத் திரவமாக அமைகின்றன. அத்திரவத்தின் ஒழுங்கு, மூன்று காந்த அலகுக்கு ஓர் எலெக்ட்ரான் என்பது. இவ்வொழுங்கில் ஓரிடத்தில் ஒரே ஒரு காந்த அலகை மிகையாகப் புகுத்துவோமாயின், அங்கே ஒரு சுழி பிறக்கும். சுற்றியுள்ள திரவம் சிறிதே விலகும். மூன்று அலகுக்கு ஓர் எலெக்ட்ரான் எனின், ஓரலகுக்கு மூன்றில் ஓர் எலெக்ட்ரான் அன்றோ? ஆகவே அச்சுழியில் குறைபடும் மின்சாரம் சரியாக மூன்றில் ஒன்று. அக்குறை ஒரு துகள் போலவே நகரும், நிற்கும், மற்றொன்றைத் தள்ளும்.

இங்கே எலெக்ட்ரான் உடைந்ததில்லை என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க ஓர் இலக்கணச் செய்தி உதவும். உகரம் குறில்; அதற்கு மாத்திரை ஒன்று. 'பசு' என்னும் சொல்லின் ஈற்றில் அது முழு மாத்திரை பெறுகின்றது. 'காசு', 'பட்டு' என்னும் சொற்களின் ஈற்றிலோ அரை மாத்திரையாகக் குறுகுகின்றது. உகரத்தை வெட்டினார் யார்? ஒருவரும் இலர். சார்ந்து நிற்கும் எழுத்துக்களின் சேர்க்கையே அதற்கு அவ்வளவைத் தந்தது. ஆதலினன்றோ இலக்கணிகள் அதனைச் சார்பெழுத்து என்றனர். மூன்றில் ஒரு மின்சாரமும் அத்தகைய சார்பின் விளைவே. உவமை முற்றும் ஒவ்வாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: குற்றியலுகரத்தில் குறுகுவது அவ்வோரெழுத்தே, ஈண்டுப் பின்னத்தைத் தாங்குவது தனி எலெக்ட்ரான் அன்று, கூட்டம் முழுவதும் சேர்ந்து உண்டாக்கிய சுழி. படிகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியே எடுப்போமாயின் உள்ளே மூன்று சுழிகள் தோன்றலாம். ஆனால் பின்னமாகிய ஒன்று தனித்து வெளியே வந்து உலாவுதல் இல்லை. மில்லிகன் எண்ணெய்த் துளியில் பின்னத்தைக் காணாதது இதனாலேயே.

4. முறுக்கிய இழை

மூன்றில் ஒன்றுக்குப் பின்னர், ஐந்தில் இரண்டு, ஏழில் மூன்று என்று வேறு பல பின்னங்களும் வெளிப்பட்டன. இவை ஏன் இந்த வரிசையில் வரவேண்டும்? இதற்கு 1989-இல் அழகிய விடை கூறியவர் நம் நாட்டவராகிய ஜைனேந்திர ஜெயின். ராஜஸ்தானத்துச் சாம்பர் என்னும் ஊரினர். ஜெய்ப்பூர் மகாராஜாக் கல்லூரியிலும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர்.

பட்டு நெசவில் கச்சாப் பட்டின் தனியிழை தறிக்கு ஏறுவதில்லை. இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய பின்னரே அது பாவுக்கு ஆகும். முறுக்கியபின் நெசவாளர் அதனை ஓரிழை என்றே எண்ணுவர். ஜெயினின் கருத்தும் இதுவே. ஒவ்வொரு எலெக்ட்ரானும் இரண்டு சுழிகளைத் தன்னோடு முறுக்கிக்கொண்டு ஒரு கூட்டுத்துகளாக நடக்கின்றது என்று கொள்ளுக. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகி ஓரெழுத்தின் வடிவம் பெற்று நிற்பதும் இதனை ஒக்கும். இரண்டு சுழிகள் இரண்டு காந்த அலகுக்கு ஈடு. ஆகவே கூட்டுத்துகளுக்கு எஞ்சியுள்ள காந்தம் குறைவாகவே தோன்றும்.

கணக்கைப் பார்ப்போம். மூன்றில் ஒன்று என்னும் நிலையில் ஓர் எலெக்ட்ரானுக்கு மூன்று அலகு. இரண்டு முறுக்கில் போக, எஞ்சியது ஒன்று. ஒரு கூட்டுத்துகளுக்கு ஓரிடம். ஒரு படித்தரம் முழுதும் நிரம்பிற்று. ஐந்தில் இரண்டில், இரண்டு எலெக்ட்ரானுக்கு ஐந்து அலகு. நான்கு முறுக்கில் போக எஞ்சியது ஒன்று. இரண்டு கூட்டுத்துகள்களுக்கு ஒவ்வொரு படித்தரத்திலும் ஓரிடம் எனின், இரண்டு படித்தரங்கள் நிரம்பின. ஏழில் மூன்றில், ஏழு அலகில் ஆறு போக ஒன்று எஞ்ச, மூன்று படித்தரங்கள் நிரம்பின. எலெக்ட்ரானுக்குப் பின்னமாய்த் தோன்றியது கூட்டுத்துகளுக்கு முழு எண்ணே. ஃபான் கிளிட்ஸிங் கண்ட படிகளும் ட்ஸுயி முதலியோர் கண்ட படிகளும் ஒரே விதியின்கீழ் வந்தமைந்தன.

பாதி நிரம்பிய நிலையில் என்னாகும்? ஓர் எலெக்ட்ரானுக்கு இரண்டு அலகு, இரண்டும் முறுக்கில் போய்விடும், எஞ்சியது பூஜ்யம். அத்துணை வன்மையுள்ள காந்தத்தின் நடுவிலே, காந்தமே இல்லாததுபோலக் கூட்டுத்துகள்கள் நேரே ஓடவேண்டும். 1993-ஆம் ஆண்டு முதல் நடந்த சோதனைகள் அவை அவ்வாறே ஓடுதலை உறுதி செய்தன. இப்பணிக்காக ஜெயின் 2025-ஆம் ஆண்டில் மோட்டி ஹைப்லூம், ஜேம்ஸ் ஐசன்ஸ்டைன் ஆகிய இருவருடன் வுல்ஃப் பரிசு பெற்றார்.

5. பின்னத்தை அளந்த விதம்

கணக்குப் பொருந்துதல் வேறு. கண்ணாற் காணுதல் வேறு. மூன்றில் ஒரு மின்சாரம் நகர்வதை எவ்வாறு அறிவது? தகரக் கூரையின்மேல் விழும் மழையின் ஓசையைக் கேட்டே துளி பெரிதா சிறிதா என்று சொல்லிவிடலாம். மொத்த நீர் ஒன்றேயாயினும், பெருந்துளியின் ஓசை முரடாகவும் சிறுதுளியின் ஓசை மென்மையாகவும் இருக்கும். மின்சாரமும் துளித்துளியாகச் செல்லுவதாதலின் அதற்கும் ஓர் இரைச்சல் உண்டு. 1997-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுச் சாக்ளே ஆய்வுச்சாலையினரும், இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் கழகத்தில் ஹைப்லூம் குழுவினரும் தனித்தனியே அவ்விரைச்சலை அளந்து, துளியின் அளவு எலெக்ட்ரானில் மூன்றில் ஒன்று என்று கண்டனர். 1999-இல் ஐந்தில் ஒன்றும் காணப்பட்டது. லாஃப்லின், ஸ்டோர்மர், ட்ஸுயி மூவர்க்கும் 1998-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இச்சுழிகளுக்கு இன்னுமொரு விந்தை உண்டு. இயற்கையில் உள்ள துகள்கள் இருவகைச் சாதியின என்பது பழைய கொள்கை. ஒத்த துகள்கள் இரண்டை இடம் மாற்றினால் ஒருவகையில் ஒரு மாறுதலும் நேராது. மற்றொருவகையில் குறி மாத்திரம் மாறும். தளத்தில் அடங்கிய துகளுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தன்மையும் கூடும் என்று 1977-இல் நார்வே நாட்டு லெய்னாஸ், மிர்ஹைம் இருவரும் கூறினர்; 1982-இல் வில்செக் என்பார் அதற்கு 'எனியான்' என்று பெயரிட்டார். தளத்தில் ஒன்றை ஒன்று சுற்றிவந்தால் சுற்றிய வரலாறு அழிவதில்லை. பின்னிய சடையில் எவ்விழை எதன்மேல் சென்றது என்பது நிலைத்திருப்பதுபோல அது நிலைத்துவிடுகின்றது. 2020-இல் பாரிஸ் நகரிலும் அமெரிக்கப் பர்டூ சர்வகலாசாலையிலும் நடந்த சோதனைகள் மூன்றில் ஒரு மின்சாரமுடைய சுழிகள் எனியான்களே என்பதைக் காட்டின.

6. கிருஷ்ணனும் கரியும்

இவ்வாராய்ச்சிக்கும் நம் தமிழகத்துக்கும், சிறப்பாக மிஷன் கல்லூரிகளுக்கும் உள்ள ஓர் உறவை ஈண்டுக் குறிக்க விரும்புகின்றோம். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனுடன் 1928-இல் ஒளி ஆராய்ச்சியில் துணைநின்றவர் அவரே. அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1930-களில் அவர் படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்தார். பென்ஸில் கரியாகிய கிராஃபைட்டை எடுத்து, அதன் ஏடுகளுக்குச் செங்குத்தாகக் காந்தம் அமைந்தால் அது பன்மடங்கு வலுவாக எதிர்க்கின்றது என்பதை நுட்பமாக அளந்தார். அக்கரியின் எலெக்ட்ரான்கள் ஏடுகளின் தளத்தில் கட்டின்றி உலாவுகின்றன, ஏட்டுக்கு ஏடு தாவுதல் அரிது என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. தளத்தில் அடங்கிய எலெக்ட்ரான் என்னும் கருத்துக்கு இது ஒரு முன்னோடி.

அக்கரியிலிருந்து ஒரே ஓர் ஏட்டை 2004-இல் மாஞ்செஸ்டரில் கைம், நோவோஸெலாவ் என்போர் பிரித்தெடுத்தனர், அதுவே கிராஃபீன். 2005-இல் அதில் ஹால் படிகள் காணப்பட்டன. 2007-இல் சாதாரண அறையின் உஷ்ணத்திலேயே, மிக வலிய காந்தத்தில், அவை காணப்பட்டன. 2009-இல் பின்னப் படிகளும் வந்தன. 2024-இல் ஐந்து ஏடுகளை அடுக்கிய கிராஃபைட்டு அமைப்பில், வெளிக்காந்தம் சிறிதுமின்றியே பின்னப் படிகள் தோன்றியதை மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வெளியிட்டனர்.

கிருஷ்ணன் 1947-இல் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுச்சாலையின் முதல் இயக்குநரானார், 1961-இல் காலஞ்சென்றார். நாட்டின் அளவைகளைக் காப்பது அவ்வாய்வுச்சாலையின் கடன். மின்தடையின் அளவாகிய ஓம் 1990 முதல் உலகெங்கும் ஹால் படிகளைக் கொண்டே நிறுவப்படுகின்றது. 2019-இல் மே 20 முதல், எலெக்ட்ரானின் மின்சார அளவே மாறாத எண்ணாக விதிக்கப்பட்டது. அவர் தலைமை பூண்டிருந்த ஆய்வுச்சாலையும் அப்படிகளையே தன் அளவுகோலாகக் கொண்டுள்ளது. விதைத்தவர் கண்டிராத விளைவு இது.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் பாடம் யாது? ஒரு பொருளை அறிய அதன் உறுப்புக்களை அறிந்தால் போதும் என்னும் எண்ணம் பலரிடத்தும் உண்டு. தனி எலெக்ட்ரானை ஆயிரம் ஆண்டு ஆராய்ந்தாலும் மூன்றில் ஒன்று அதனுள் அகப்படாது. பல கோடி ஒன்றுகூடி, ஒன்றுக்கொன்று இடங்கொடுத்து, ஓர் ஒழுங்கில் நிற்கும்பொழுதே அது பிறக்கின்றது. பன்மை வெறுந்தொகையன்று, அது புதியதோர் இயல்பு என்று 1972-ஆம் ஆண்டிலேயே பௌதிக அறிஞர் ஆண்டர்ஸன் வற்புறுத்தினார். ஓர் உடலுக்கும் அதன் உறுப்புக்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தைப் படித்த நமக்கு இக்கருத்துப் புதிதன்று. ஆயினும் சமய உண்மைக்குப் பௌதிகத்தைச் சான்றாக்குதல் எம் கருத்தன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுகோல் உண்டு. கூடி வாழ்தலின் பொருளை எண்ணிப் பார்க்க, படிகத்திலுள்ள இம்மிகச் சிறிய கூட்டமும் ஒரு வாயிலாகும் என்ற அளவே யாம் சொல்லத் துணிவது.

மற்றொன்று. பௌதிகம் பயில்வார்க்குத் தமிழ் வேண்டா, தமிழ் பயில்வார்க்குப் பௌதிகம் வேண்டா என்று கல்லூரிகளில் ஒரு சுவர் எழும்பி நிற்கின்றது. பகாப்பதம், சார்பெழுத்து, உயிர்மெய் என்னும் நம் இலக்கணக் குறியீடுகளும், அச்சு, பாவு, முறுக்கு என்னும் தறிச் சொற்களும் இத்துணை அரிய பொருளையும் ஏந்தி வரவல்லவாயின், அச்சுவருக்குக் காரணம் மொழியின் வறுமையன்று, நம் சோம்பலே. பௌதிக மாணவர் தாம் அறிந்ததைத் தமிழில் சொல்லப் பழகுக. தமிழ் மாணவர் தாம் அறியாததைக் கேட்கப் பழகுக. இவ்விருவரும் கூடுமிடத்தில், தனித்தனியே இருவரிடத்தும் இல்லாத ஒன்று பிறத்தல் திண்ணம்.